கோணம் தப்பினாலும் கணக்கு கூடும்

நில அளவைக்காரர்கள் எக்செலைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. சிவில் மாணவர்கள் கோடு கிழித்துப் போடும் கேல்ஸ் டேபிளே ஒரு விரிதாள்தானே! கோட்டுக்கு ஒரு வரிசை; நீளம், பேரிங் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எடுக்கும் கோணம்), வடக்கு நகர்வு, கிழக்கு நகர்வு என்று பத்திகள். நீளத்தைப் பேரிங்கின் காஸால் பெருக்கினால் வடக்கு நகர்வு, சைனால் பெருக்கினால் கிழக்கு நகர்வு. லாகரிதம் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்ட கணக்கு, ஃபார்முலாவை ஒரு வரிசையில் எழுதிக் கீழே இழுத்ததும் முடிகிறது. கால்குலேட்டரில் விடை மட்டுமே மிஞ்சும். இங்கே ஒவ்வொரு படியையும் இன்னொருவர் சொடுக்கிப் பார்க்கலாம்.

ஆனால் எக்செலின் சைன் கோணத்தை ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும். 30 டிகிரியில் 100 மீட்டர் போகும் கோடு கிழக்கே 50 மீட்டர் நகர வேண்டும். ரேடியனாக மாற்றாமல் 30-ஐ அப்படியே கொடுத்தால் மேற்கே 98.8 மீட்டர் போய்விடுகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. எதைக் கொடுத்தாலும் −1-க்கும் 1-க்கும் நடுவே ஒரு மதிப்பு வந்துவிடுவதால் கண்ணுக்கும் உறுத்தாது.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மூடிய டிராவர்ஸில் இது பெரும்பாலும் பிடிபடும். நகர்வுகளின் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு அருகே வராது. நான் அஞ்சுவது வேறொன்றை. எல்லா வரிசையிலும் சைனும் காஸும் இடம் மாறிவிட்டால் கூட்டுத்தொகை கச்சிதமாகக் கூடும். பரப்பளவும் மாறாது, குறி மட்டும் புரளும். அதைத்தான் பலரும் பார்க்காமலே நீக்கிவிடுகிறார்கள். வடக்கும் கிழக்கும் இடம் மாறி, மனை கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக் கிடக்கும்.

ஆயத்தொலைவிலிருந்து பேரிங் எடுக்கும்போதும் இதே ஆபத்து. எக்செலின் ஏடேன்2 (ATAN2) ஃபார்முலா முதலில் எக்ஸையும் பிறகு ஒய்யையும் கேட்கிறது. பைத்தானில் வரிசை நேர்மாறு. பைத்தானில் எழுதியதை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் சரியான கோணத்துக்குப் பதில் 90 டிகிரியிலிருந்து அதைக் கழித்த கோணம் வந்து நின்றுகொள்ளும்.

பை-யின் சைன் பூஜ்யமாக வராமல் 16-ஆவது தசம இடத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று சிலர் அலட்டிக்கொள்வதுண்டு. மில்லிமீட்டரோடு நிற்கும் டோட்டல் ஸ்டேஷன் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கேல்ஸ் டேபிளைக் கையால் போட்டபோது கால்வட்டம் பார்த்துக் குறியை மனிதரே இட்டார். 120 டிகிரி தென்கிழக்கு என்பது எழுதும்போதே மனதில் பதிந்தது. எக்செல் அந்த வேலையைப் பறித்துக்கொண்டு, ஈடாக எதையும் தரவில்லை. அதனால் தாளின் தலையிலேயே பேரிங் 90, நீளம் 100 என்று ஒரு பொய்க்கோட்டை இட்டு, கூட்டுத்தொகையில் சேர்க்காமல் விடலாம். அது கிழக்கே 100, வடக்கே பூஜ்யம் என்று காட்டிய பிறகே ஃபார்முலாவைக் கீழே இழுக்க வேண்டும்.