அளவை வாசிப்பவர் யார்? எஹலியகொடவை முன்வைத்துப் பொதுமக்கள் அறிவியல் பற்றிய ஒரு நோக்கு

பொதுமக்களுக்கான அறிவியல் நிகழ்ச்சி எனப்படுவது பெரும்பாலும் தலைநகரங்களிலேயே நடைபெறுவது. கண்காட்சி, அருங்காட்சியகத்தின் திறந்த நாள், தொலைநோக்கி வழியாக வானத்தைக் காட்டும் மாலைக் கூட்டம், கோள்மண்டலக் காட்சி ஆகியன அதன் வழக்கமான வடிவங்கள். குடும்பமாக வருக என்பதே அதன் அழைப்பு. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகக் கண்டு வியந்து, வீடு திரும்பும் வழியில் அதைப்பற்றி உரையாடுவர். அவ்வுரையாடலே நிகழ்ச்சியின் மெய்யான பயன் எனக் கருதப்படுகின்றது. இக்கருத்துத் தவறானதன்று. ஆயினும் இந்நிகழ்ச்சிகளை மதிப்பிடுவோர் வந்தோரின் தொகையையே எண்ணுகின்றனர். வராதோர் யார் என்பதும், வந்தோரின் கையில் எது ஒப்படைக்கப்பட்டது என்பதும் ஆராயப்படுவது அரிது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எஹலியகொடவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து இவ்விரு வினாக்களும் கூர்மை பெறுகின்றன.

இத்தகைய நிகழ்ச்சிகளின் மூலவடிவங்களுள் ஒன்றை இலண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனிற் காணலாம். கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்து புத்தகங் கட்டும் கடையில் தொழில் பயின்ற மைக்கல் பரடே, 1812இல் அங்கு ஹம்பிறி டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டே அவருடைய வாழ்வைத் திருப்பியது. 1825இல் அதே நிறுவனத்தில் இளையோருக்கான நத்தார்கால விரிவுரைகள் தொடங்கின. பிற்காலத்தில் அம்மேடையில் நின்று பரடே ஆற்றிய மெழுகுதிரி பற்றிய உரைகள் இன்றுவரை பேசப்படுகின்றன. எல்லார் வீட்டிலும் எரியும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதன் சுடரிலிருந்தே இரசாயனவியல் முழுவதற்கும் வாயில் திறந்தமை அவ்வுரைகளின் சிறப்பு. கேட்போரின் மேசையிலிருந்து தொடங்கும் இம்முறைக்கு மேலான முறை இன்றும் கண்டறியப்படவில்லை எனலாம்.

எஹலியகொட வாசகருக்குப் பரடே இன்னொரு வகையிலும் உறவினர். 1824இல் ஐதரசன் வாயுவைக் கொண்டு செய்த பரிசோதனைகளுக்காக இறப்பரால் முதற் பலூனைச் செய்தவர் அவர். 1826இல் இறப்பரின் அமைப்பில் ஐந்து காபனுக்கு எட்டு ஐதரசன் என்னும் விகிதத்தைக் கண்டவரும் அவரே. இறப்பர் மரம் இலங்கை மண்ணைத் தொடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அதன் பாலின் உள்ளமைப்பு இலண்டனில் எழுதப்பட்டுவிட்டது. பின்னர் அந்தப் பாலை நாள்தோறும் வெட்டி எடுத்தோரின் குடும்பங்களுக்கு அவ்விகிதம் எந்த மேடையிலிருந்து, எந்த மொழியில் வந்தது என்பதே விமர்சகர் கேட்க வேண்டிய கேள்வி.

கொழும்புக் கோள்மண்டலம் 1965ஆம் ஆண்டுக் கைத்தொழிற் கண்காட்சியையொட்டித் திறக்கப்பட்டது. பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் கைவண்ணமான அக்கட்டடம், இந்நாட்டில் அறிவியலுக்கென எழுப்பப்பட்ட கட்டடங்களுள் அழகிற் குறைந்ததன்று. இருளில் அமர்ந்து விண்மீன்கள் ஒவ்வொன்றாக எழுவதைக் கண்ட குழந்தை அதனை மறக்காது. அதே 1965இல், கல்கத்தாவின் பிர்லா கைத்தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் நடமாடும் கண்காட்சி ஒன்றைத் தொடங்கியது. மின்சாரம் பற்றிய காட்சிப் பொருள்களைப் பேருந்திலேற்றி நகரத்துக்கு வெளியே கொண்டுசென்றமையே அம்முயற்சி. ஒன்று மக்களைத் தன்னிடம் வரவழைத்தது. மற்றது மக்களிடம் சென்றது. இவற்றுள் எது சிறந்தது என்பதைக் காட்டிலும், தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு இவற்றுள் எது குடும்ப நிகழ்ச்சியாக அமையும் என்று வினவுவதே பொருத்தம். நகரத்துக் குடும்பத்துக்குக் கோள்மண்டலம் ஒரு விடுமுறை மாலை. தோட்டப் பிள்ளைக்கு அது பாடசாலைச் சுற்றுலா. பேருந்துக்கான பணத்தைப் பெற்றோர் தேடிக் கொடுக்கின்றனர்; பிள்ளை தனியே செல்கிறது; திரும்பி வந்து தான் கண்டதைச் சொல்லும்போது கேட்போரிடம் அதனோடு ஒட்டிப் பேசுவதற்குரிய அனுபவம் இல்லை. குடும்பத்தை இணைப்பதற்கென வகுக்கப்பட்ட நிகழ்ச்சி இங்கே தாய் தந்தையரையும் பிள்ளையையும் ஒரு படி பிரித்துவிடுகின்றது. (ஒருகாலத்தில் களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை எஹலியகொடவைக் கடந்து இரத்தினபுரிக்குச் சென்றது. 1912இல் அங்கு எட்டிய அப்பாதை, அவிசாவளைக்கு அப்பால் 1970களிற் கைவிடப்பட்டது.)

இதற்கு நேர்மாறாக, பிள்ளை வீட்டிலிருந்து பாடசாலைக்குக் கொண்டுசெல்லக்கூடிய அறிவு ஒன்று உண்டு என்பதை எந்தக் கண்காட்சியும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பால் வெட்டுதல் விடியுமுன் தொடங்குவது. வெயில் ஏறினால் பால் ஓடாது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இலைகள் நீரை இழக்கத் தொடங்குமுன் கலங்களில் வீக்கவமுக்கம் மிகுந்திருத்தலே அதற்குக் காரணம் என்பது பாடநூலைப் படித்த பிள்ளைக்குத் தெரியும். இவ்விரு கூற்றுகளும் ஒன்றே என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது. கத்தி பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும் என்று கங்காணி ஏசுவது மாறிழையம் பற்றிய பாடமே. சிரட்டையின் விளிம்பில் தானாக உறைந்துவிடும் ஒட்டுப்பாலும், தொழிற்சாலைத் தொட்டியில் போமிக்கமிலம் ஊற்றப்பட்டு உறையும் பாலும் ஒரே நிகழ்வின் இரு வடிவங்கள்: முன்னதில் நுண்ணுயிர்களும், பின்னதில் மனிதரும் அமிலத்தைச் சேர்க்கின்றனர்.

இவ்வறிவு வரிசையில் ஓரிடம் தனித்து நோக்கத்தக்கது. சேர்க்கப்பட்ட பாலில் எவ்வளவு இறப்பர் உண்டு என்பதை அறிய அதில் நீரமானி மிதக்கவிடப்படுகின்றது. மிதவை எவ்வளவு ஆழ்கின்றது என்பதைக் கொண்டு செறிவு கணிக்கப்படும். இது ஆக்கிமிடீசின் தத்துவம். அதனைப் பாடசாலைப் பிள்ளை சிராக்கூஸ் மன்னனின் கிரீடக் கதையோடு கற்கின்றது. தன் பெற்றோர் காலையெல்லாம் சுமந்த பாலின் பெறுமதி அதே தத்துவத்தினால் முடிவாகின்றது என்று அதற்கு யாரும் கூறுவதில்லை. அந்தக் கண்ணாடிக் குழாயிலுள்ள எண்ணைப் பால் வெட்டியவர் வாசிப்பதுமில்லை. வாசிப்பவர் வேறு ஒருவர், எழுதுபவரும் அவரே. பரடேயின் மெழுகுதிரிக்கு இணையான பொருள் எஹலியகொடவில் உண்டெனில் அது அந்த நீரமானியே.

மண்ணுக்குள்ளும் இவ்வாறே. எஹலியகொடவைச் சூழ்ந்த வயல்களில் இரத்தினக்கல் அகழ்வோர் தேடுவது ‘இல்லம்’ எனப்படும் பரற்படை. இரத்தினபுரிப் பகுதியின் அத்தகைய குழிகளிலிருந்தே நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் சுவடுகளைப் பி. ஈ. பி. தெரணியகல அடையாளங் கண்டார். இவற்றுள் எதுவும் இன்று இலங்கைக் காட்டில் இல்லை. அண்மையிலுள்ள குருவிட்டையின் படதொம்பலென குகையில் முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதர் பயன்படுத்திய நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. தலைநகரின் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும் பொருள், குழியில் இறங்கும் கூலியாளின் கூடையில் முதலில் ஏறுகின்றது.

மொழிப் பிரச்சினை இதனோடு பின்னிப் பிணைந்தது. தமிழில் அறிவியலைச் சொல்லமுடியுமா என்ற ஐயம் இந்நாட்டில் எப்போதோ தீர்ந்துவிட்டது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தம் மாணவருக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1876இல், இறப்பர் நாற்றுகள் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. நூலும் மரமும் ஒரே காலத்தவை. ஆனால் அவை சந்திக்கவில்லை. பின்னாளில் அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் பாடநூல்களுக்கு உறுதியான ஒரு மொழியைத் தந்தன. அது பெரும்பணியே, அதனைக் குறைகூறுவோர் மாற்று எதனையும் முன்வைத்ததில்லை. எனினும் அச்சொற்கள் வகுப்பறையின் வாயிலோடு நின்றுவிட்டன. சப்பிரகமுவத் தோட்டங்களில் மூன்று மொழிநிலைகள் அடுத்தடுத்து வாழ்கின்றன. பாடநூலின் தமிழ் ஒன்று. லயத்தின் தமிழ் இன்னொன்று. கடைத்தெருவிலும் தொழிற்சாலையிலும் வழங்கும் சிங்களம் மூன்றாவது. ‘ஒட்டுப்பால்’ என்ற சொல் எந்தக் கலைச்சொற்றொகுதிக்கும் இழிவு சேர்க்காது. அதனைப் பிழையெனத் திருத்தும் ஆசிரியர் ஒரு சொல்லையன்று, ஒரு சாட்சியையே அகற்றிவிடுகின்றார்.

கேரளத்திலும் தமிழகத்திலும் நிகழ்ந்தவை இங்கே வழிகாட்டியாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. 1962இல் எழுத்தாளர் சிலரின் முயற்சியாகத் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், நூலிலிருந்து வீதிக்கு இறங்கியது. அதன் கலைப்பயணங்கள் பாட்டாகவும் நாடகமாகவும் அறிவியலை ஊர்தோறும் கொண்டுசென்றன. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ சிறுவர் இதழை நடத்தியது. 1991இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின்போது எழுத்துக் கற்ற பெண்கள் மிதிவண்டியும் ஓட்டக் கற்றனர். அது எந்தக் கண்காட்சியும் தரமுடியாத காட்சி. ஆயினும் இவற்றின் நாடகங்கள் நாளடைவில் முழக்கங்களாக இறுகியதும், இயக்கம் ஓய்ந்தபின் கற்றோர் பலர் எழுத்தை மறந்ததும் உண்டு. அவற்றை அப்படியே பெயர்த்து நடுதலும் இயலாது. புதுக்கோட்டையில் ஊர் முழுவதும் தமிழ் பேசிற்று. எஹலியகொடத் தோட்டங்களோ சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடப்பவை. இங்கு ஒருமொழி நாடகம் பாதிப் பேரிடமே சென்று சேரும்.

இவ்விவாதம் பண்பாட்டுப் பொழுதுபோக்கைப் பற்றியதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டியவின் களுப்பான தோட்டத்திலும் மலை சரிந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தையும் மண்சரிவையும் ஒருங்கே கண்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் எளியவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 எனில் எச்சரிக்கை, 150 எனில் வெளியேறுதல். ஆண்டில் 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இந்நாட்டு ஈரவலயச் சரிவுகளில் இவ்வெண்கள் வெறும் எண்களல்ல. இவை வானொலியிலோ, அலுவலர் ஒருவரின் வாயிலோ, சில வேளைகளில் பிறிதொரு மொழியிலோ தோட்டத்தை அடைகின்றன. மலை முகட்டில் பெய்யும் மழை ஒன்று. நகரத்து மானியில் விழுவது வேறு.

மழைமானி செய்வதற்குக் கண்ணாடியும் பித்தளையும் வேண்டியதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகரக்குவளையும், மில்லிமீற்றர் குறித்த அடிமட்டமும் போதும். குவளையின் அகலம் எவ்வளவாயினும் அதில் நிற்கும் நீரின் ஆழமே மழையின் அளவு. ஏன் அவ்வாறு என்ற வினாவே ஒரு மாலை முழுவதற்கும் போதுமான கணிதம்; அகன்ற குவளையில் மிகுதியாக விழும் என வாதிடாத பிள்ளை இல்லை, பெரியோருள்ளும் பலர் அவ்வாறே வாதிடுவர். இரு குவளைகளை முற்றத்தில் வைத்துப் பார்த்தால் வாதம் தீரும். கூரைத் தாழ்வாரத்துக்கு அப்பால், மரநிழல் படாத இடத்தில் அது வைக்கப்படவேண்டும். லயத்தின் முன்னால் அத்தகைய இடம் பெரட்டுக்களத்தருகே கிடைக்கும். வளிமண்டலவியல் திணைக்களம் மழையை அளப்பது காலை 8.30க்கு. அவ்வேளை பால் வெட்டுவோர் மலையில் நிற்பர். பிள்ளைகள் பாடசாலையில் இருப்பர். ஆதலால் அடிமட்டத்தைப் பிடிப்பவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பாட்டியே. எழுத்தறியாதவராயினும் அவருக்கு மூன்று கோடுகள் போதும். இரவு மழை வலுத்தால் 8.30 வரை காத்திராமல் கைவிளக்குடன் சென்று பார்க்க வேண்டியவரும் அந்த வீட்டாரே. அவர்கள் கூறும் எண்ணைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு அதன் மொழியிற் சொல்லவல்ல பிள்ளைகள் அதே லயத்தில் இருக்கின்றனர்.