மனு எழுதியவரின் ஊரிலிருந்து

திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அவருடைய தந்தை சுந்தரமய்யரைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுதத் தொடங்கியவர், பிறகு ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தார். சட்டம் படிக்காமலே வாதாட அனுமதி கிடைத்து வக்கீலானார். அந்த மனுக்களில் இருந்த தெளிவுதான் கட்சிக்காரர்களை அவரிடம் கொண்டுவந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்றும் வக்கீல் விளம்பரம் செய்து கட்சிக்காரரைத் தேடக் கூடாது. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி சுற்றறிக்கையையும் தரகரையும் தடுக்கிறது. தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வைப்பதையும் தடுக்கிறது. இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்று பெயர்ப்பலகையில்கூடப் போட முடியாது. 2008-இல் வந்த திருத்தம் இணையதளத்தில் பெயர், முகவரி, தகுதி, தொழில் செய்யும் துறை போன்ற சில விவரங்களை மட்டும் அனுமதித்தது. வக்கீல்களைச் சரக்குபோல் பட்டியலிடும் இணையதளங்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதை இலங்கையோடு ஒப்பிடலாம். அங்கே அப்புக்காத்து (அட்வகேட்), பிரக்கிராசி (பிராக்டர்) என்று இரண்டாக இருந்த தொழிலை 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயரைத் தந்தது. அங்கே 1988-இல் நடத்தை விதிகளை வகுத்தது உச்ச நீதிமன்றமே. இங்கே வக்கீல்களின் சொந்த மன்றம் காவல் காக்கிறது, அங்கே நீதிமன்றம். இரண்டுக்கும் தாய் பழைய ஆங்கிலேய மரபுதான்.

விளம்பரத்துக்குக் கதவடைத்த இடத்தில் எழுத்து நுழைந்தது. 1891-இல் மயிலாப்பூர் வக்கீல்கள் மெட்ராஸ் லா ஜர்னலைத் தொடங்கினார்கள். பின்னாளில் இலங்கை உச்ச நீதிமன்ற நீதியரசரான எச். டபிள்யூ. தம்பையா யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டத்தை நூலாக்கினார். இரண்டும் பெரும்பணி, இன்றும் மதிக்கத் தக்கவை. ஆனால் இரண்டும் ஆங்கிலத்தில், சட்டம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. இன்று பெரிய சட்ட நிறுவனங்கள் வெளியிடும் கட்டுரைகளும் கம்பெனிகளை நோக்கித்தான் பேசுகின்றன.

யாழ்ப்பாணத்தில் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911-ஆம் ஆண்டுச் சட்டம். கையெழுத்துப் போடும் நாளில்தான் பல பெண்களுக்கு அது தெரியவரும் என்று அஞ்சுகிறேன். எங்கள் கரிசல் காட்டுக் கதையும் அதுதான். "அப்பா 2005-க்கு முன்னாலேயே போய்ட்டாரு, எனக்குப் பங்கு வராதாமே?" என்று கேட்கும் அக்காமார் இங்கே உண்டு. மகள் பிறப்பாலேயே பூர்விகச் சொத்தில் பங்காளி, இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு மானாவாரிக் காட்டுக்கு இன்னும் நடந்து வரவில்லை. பட்டா கையில் இருந்தாலே நிலம் நமதாகிவிடாது என்பதும், கண்மாய்ப் புறம்போக்குக்கு எத்தனை வருட அனுபவம் சொன்னாலும் பட்டா கேட்பது வீண் என்பதும் அப்படித்தான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வக்கீல் அண்ணாச்சிகளே, அக்காக்களே, மாதம் ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். நடக்கும் வழக்கைத் தொட வேண்டாம், கீழே கைபேசி எண்ணும் வேண்டாம். டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள்.