இரவல் வாயில்

மதுரைக்காரர்களுக்குத் தூண்களைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு. இரண்டு கைகளையும் விரித்தாலும் அணைக்க முடியாத திருமலை நாயக்கர் மகால் தூண்களைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். 1636-இல் எழுந்த அந்த மாளிகையின் வளைவுகள் இஸ்லாமியக் கட்டடக் கலையிலிருந்து வந்தவை. ஆனால் இன்று யாரும் அவற்றை இரவல் என்று சொல்வதில்லை. செங்கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் நம் கொத்தன்மார்கள் அவற்றைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

இந்த அளவுகோலோடுதான் ராமேசுவரத்தை அடுத்த பேய்க்கரும்புக்குப் போயிருந்தேன். 2015 ஜூலை 27-ஆம் தேதி ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் நீத்த முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாம் அங்கேதான் துயில்கிறார். அவர் உடல் மதுரை வழியாகத்தான் தீவுக்குப் போயிற்று. மறு ஆண்டு அதே தேதியில் அடிக்கல் நாட்டி, 2017-இல் அதே தேதியில் நினைவகத்தைத் திறந்தார்கள். கட்டியது ராணுவ ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம். வாயில், டில்லியின் இந்தியா கேட்டைப் போல. குவிமாடம், ராஷ்டிரபதி பவனத்தைப் போல.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓடக்காரர் மகனுக்கு, ஐரோப்பியச் செவ்வியல் கட்டடக் கலையில் தோய்ந்த லட்யன்ஸ் துரையின் முகமூடி எதற்கு? ஆனால் உள்ளே நடக்க நடக்க என் கோபம் பாதி கரைந்தது. 1931 பிப்ரவரியில் ஆங்கிலேயர் புது டில்லியைக் கோலாகலமாகத் திறந்து வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ராமேசுவரத்தில் கலாம் பிறந்தார். வைஸ்ராய்க்கென்று கட்டிய மாளிகையில், பத்திரிகை விநியோகித்த அந்தத் தீவுப் பையன் 2002-இல் குடியேறினார். அந்தக் குவிமாடத்திலேயே சாஞ்சி ஸ்தூபத்தின் சாயல் உண்டு. ஆகவே குவிமாடம் இங்கே வெறும் நகல் அல்ல. யாருடைய வீடு யாருடையதாயிற்று என்ற கதையை அது சொல்கிறது.

வாயிலுக்கு இந்தச் சமாதானம் பொருந்தவில்லை. இந்தியா கேட், சாம்ராஜ்யத்துக்காகப் போரில் மடிந்த சிப்பாய்களின் நினைவுச் சின்னம். பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெயர்களை எடுத்துவிட்டு வளைவை மட்டும் கொண்டுவந்தால் மிஞ்சுவது டில்லியின் தோரணைதானே?

இரவல் வாங்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டனில் 1922-இல் திறந்த லிங்கன் நினைவகம் அசல் கிரேக்கக் கோவிலின் சாயல். ஆனால் ஹென்றி பேகன் அதைச் சுற்றி 36 தூண்களை நிறுத்தினார். லிங்கன் இறந்தபோது ஐக்கிய நாட்டில் இருந்த மாநிலங்கள் 36. எந்த ஒற்றுமைக்காக அவர் போராடினாரோ, அதுவே அவர் தலைக்குமேல் கூரையைத் தாங்கி நிற்கிறது. இரவல் அங்கே அர்த்தமாகிவிட்டது.

கலாமுக்கு அப்படி ஓர் அர்த்தம் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. பதவி முடிந்த பிறகும் அவர் ஓயாமல் போய் நின்ற இடம் வகுப்பறை. கடைசி மூச்சும் அங்கேதான். கடற்காற்று வீசும் திண்ணையும், சிறுவர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு முற்றமும் வாயிலாக இருந்திருந்தால்?

நான் வெளியே வரும்போது, வாயிலைப் பார்த்து ஒரு சிறுவன், "அப்பா, இது டில்லியா?" என்று கேட்டான். "இல்லைடா, நம்ம ஊருதான்" என்றார் அவர். பையன் நம்பவில்லை, மறுபடியும் அண்ணாந்து பார்த்தான். பெரிய மனிதனாக வேண்டுமானால் டில்லிக்குத்தான் போக வேண்டும் என்று அவன் எண்ணிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. பேய்க்கரும்பு மணலிலிருந்தே ஒருவர் எழுந்து வந்தார் என்பதை அந்த வாயில் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.