வாசித்துக் காட்டும் கருவி: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். எல்லா இனத்தவரும் சேர்ந்த இந்தக் கணக்கில் தமிழ் 2.5 விழுக்காடு. வகுப்பை விட்டு வெளியே போனால் தமிழ் அதிகம் காதில் விழாத பிள்ளைங்க நம்மகிட்ட நிறைய பேர் இருக்காங்க. அதனால், இணையத்தில் உள்ள தமிழ்க் கட்டுரையைக் கருவியே வாசித்துக் காட்டும்போது நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எந்த வேலையை அதனிடம் கொடுப்பது என்று ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிடலாம். இதற்குத் தனிச் செயலி வேண்டாம். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் கட்டுரையைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். வாசிக்கும் சொல் திரையில் ஒளிரும், வேகத்தையும் குறைக்கலாம். குரல் பட்டியலில் சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு என்றும், மலேசியாவுக்குக் கனி, சூர்யா என்றும் தனித்தனிக் குரல்கள் உண்டு. ஐபோன், ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போனால் இதே வசதி கிடைக்கும். எழுத்துக்கூட்டி வாசித்தே களைத்துப்போகும் மாணவருக்கு, கண்ணும் காதும் சேர்ந்து போகும் இந்த முறை பெரிய துணை.

சிக்கல் நம் எழுத்திலேயே தொடங்குகிறது. க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி உண்டு. தமிழ்ச் சொற்களில் இடத்தைப் பார்த்தே ஒலியைச் சொல்லிவிடலாம்: ‘பந்து’ என்பதில் த மெலிந்து ஒலிக்கும், ‘பத்து’ என்பதில் அழுந்தி ஒலிக்கும். பிறமொழிச் சொற்களுக்கு இந்த விதி உதவாது. ‘பாட்டி கதை சொன்னார்’, ‘பீமன் கதையைத் தூக்கினான்’ இரண்டிலும் எழுத்து ஒன்றே. ஒலி வேறு, பொருளும் வேறு. ‘அவன் பாவம்’, ‘நடனத்தில் பாவம்’ என்பதும் அப்படித்தான். பொருள் புரிந்தால்தான் ஒலி சரியாக வரும். பிடோக், கேலாங், சாங்கி போன்ற இடப்பெயர்களையும் கொடுத்துப் பாருங்க. உள்ளூர்க்காரர் வாயில் வரும் ஒலி எழுத்தில் இல்லை. அந்தப் பெயரை முன்பே அறிந்திருந்தால்தான் சரியாக வாசிக்க முடியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பேச்சுத்தமிழ். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு, சிங்கப்பூர் வகுப்பறைகளில் பேச்சுத்தமிழுக்குத் தனி இடம் உண்டு. ‘வந்தேன்’, ‘மரம்’ என்று எழுதினாலும், பேசும்போது கடைசி மெய் மறைந்து, உயிர் மூக்கொலியாக மாறிவிடும். எழுத்து இதைக் காட்டாது. எழுத்தைப் பார்த்து வாசிக்கும் கருவி ‘ன்’, ‘ம்’ என்று தெளிவாகவே முடிக்கும். இதையே கேட்டுப் பழகும் மாணவர், வாய்மொழித் தேர்வின் உரையாடலில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வாய்ப்பிருக்கு. பிழையில்லாமல் இருக்கும், ஆனால் உயிர் இருக்காது.

செய்யுளையும் கொடுக்காதீங்க. குறளில் 7 சீர்கள், முதலடியில் 4, அடுத்ததில் 3. சீர் பிரிவது ஓசைக்காக. சில இடங்களில் ஒரு சொல்லே இரண்டு சீர்களாகப் பிரிந்து நிற்கும். கருவிக்கு இடைவெளி என்றால் அங்கே ஒரு சொல் முடிந்தது என்று பொருள். ஓசையும் போகும், பொருளும் போகும்.

அப்போ எங்கே கொடுக்கலாம்? மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, நீண்ட செய்திக் கட்டுரையின் முதல் வாசிப்பு. வேகத்தைக் குறைத்து, கேட்டுக்கொண்டே புரியாத சொற்களைக் குறித்துவரச் சொல்லலாம்.

இரண்டு, மாணவர் தட்டச்சு செய்த சொந்தக் கட்டுரை. விட்டுப்போன புள்ளி, இருமுறை வந்த சொல், முடியாத வாக்கியம் எல்லாம் காதில் உடனே இடறும். ந, ன பிழை மட்டும் காதுக்குத் தெரியாது. ர, ற பிழையும் பல நேரம் தப்பிவிடும். அவற்றைக் கண்ணால்தான் பார்க்கணும்.

மூன்று, பிழை வேட்டை. ஒரு பத்தியைக் கருவி வாசிக்கட்டும். எங்கே நிறுத்தம் தவறியது, எந்தச் சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கவில்லை என்று மாணவர்கள் கண்டுபிடித்து, தாங்களே திருத்தி வாசிக்கட்டும். வாய்மொழித் தேர்வுக்கு இது நல்ல பயிற்சி.

தொடங்கும் முன் கோப்பையும் சோதித்துக்கொள்ளுங்க. வருடி எடுத்த பழைய பயிற்சித்தாள் வெறும் படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை கருவிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றினால்தான் தமிழாக ஒலிக்கும்.

மாதிரி வாசிப்பை மட்டும் இரவல் கொடுக்க வேண்டாம். வாரம் ஒரு பத்தியை உங்கள் குரலிலேயே கைபேசியில் பதிவு செய்து வகுப்புக்கு அனுப்புங்க. இரண்டு நிமிட வேலைதான். வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைக்கு, தனக்குத் தெரிந்த ஒருவரின் தமிழ் அந்த இரண்டு நிமிடமாவது வீட்டிலும் ஒலிக்கும்.