ஏசி ஓடும்போது ஃபேன் ஓடலாமா?

குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடு முடித்துக்கொள்கிறார்கள். பழைய ஃபேன் 75 வாட், புதியது 30 வாட், மிச்சம் 45 வாட், இத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்பது அந்தக் கணக்கு. அதில் தப்பில்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் படுக்கையறைக் கரண்ட் பில்லை ஏற்றுவது ஏசி. அந்த ஏசியை எத்தனை டிகிரியில் வைத்தால் தூக்கம் வரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். ஆகவே இந்த ஃபேனை ஏசியின் துணைக்கருவியாக எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால், மூன்று நட்சத்திர ஏசிக்குப் பதில் ஐந்து நட்சத்திர ஏசி வாங்க ஏழெட்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பெறும் சிக்கனத்தை மூவாயிரம் ரூபாய் ஃபேன் ஒன்று தந்துவிடுகிறது.

முதலில் ஏசியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்ப்போம். எரிசக்தித் திறன் செயலகம் தரும் அந்த லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். ஆண்டுக்கு 1,600 மணி நேரம், அதாவது சுமார் இருநூறு இரவு, இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 2022 ஜூலையில் வந்த தர அளவுப்படி, ஒன்றரை டன் மூன்று நட்சத்திர ஏசியில் அந்த எண் 970 யூனிட்டை ஒட்டி இருக்கும். ஐந்து நட்சத்திரத்தில் 750. வித்தியாசம் 220 யூனிட். கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு. அறையின் வெப்பம் 27 டிகிரியாக இருக்கும் நிலையில் சோதித்துப் பெற்ற எண்கள் இவை. நம் வீடுகளில் 27-இல் வைத்துத் தூங்குகிறவர்கள் எத்தனை பேர்? 24 என்றால் ரொம்பச் சிக்கனம் என்ற நினைப்புதான் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி வந்திருப்பதால் அந்த எண்ணுக்கு அரசு முத்திரையும் கிடைத்துவிட்டது.

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய மின்துறை சொல்லும் கணக்கு. வீட்டுக்கு வீடு மாறும் தோராயம்தான் என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். 27-இல் 970 யூனிட் எடுக்கும் ஏசி 24-இல் 1,145 யூனிட் வரை போகும். அந்த 175 யூனிட்டை மிச்சம் பிடிக்க 27-க்கு ஏற்றிவிட்டு, புழுக்கம் தெரியாமலிருக்க ஃபேனைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் பழைய 75 வாட் என்றால், அதே 1,600 மணி நேரத்தில் அதுவே 120 யூனிட் தின்றுவிடும். கையில் நிற்பது 55 யூனிட். 30 வாட் ஃபேன் என்றால் அதன் செலவு 48 யூனிட்தான். 127 யூனிட் கையில் நிற்கும். ஃபேன் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே வெப்பமாகிறது, அதையும் ஏசிதான் வெளியேற்ற வேண்டும் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் பழைய ஃபேனின் நிலைமை இன்னும் மோசம். ஏசி ஓடாத நேரத்துக்கு வருவோம். நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் ஃபேன் சுற்றும் அறையில், ஏசி நேரம் போக ஆண்டுக்கு இன்னும் 2,780 மணி நேரம் மீதி. அதில் 45 வாட் வீதம் 125 யூனிட். இரண்டையும் கூட்டினால் 250 யூனிட் வருகிறது. ஐந்து நட்சத்திர ஏசி தந்தது 220.

இதற்கு வரும் முதல் மறுப்பு, யாரும் ஃபேனை எப்போதும் முழு வேகத்தில் வைப்பதில்லையே என்பது. சரியான மறுப்பு. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்ட பழைய ஃபேன் மூன்றாம் எண்ணில் 75 வாட் எடுக்காது, பாதியை நெருங்கும். ஆனால் அதே வேகத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் பத்துப் பன்னிரண்டு வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஏசி இல்லாத நேரத்து லாபம் 125-இலிருந்து 80 யூனிட் அளவுக்குச் சுருங்கும். ஏசி நேரத்து லாபமோ 150-ஐத் தாண்டும். மொத்தம் பெரிதாக மாறுவதில்லை. இதைவிடக் கனமான மறுப்பு வேறு. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர லேபிள் கட்டாயம் ஆகிவிட்டதால், இன்று கடையில் ஒரு நட்சத்திர ஃபேனே 50 வாட்டை ஒட்டித்தான் இருக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவருக்கு லாபம் மேலே சொன்னதைவிடக் குறைவுதான். பத்து வருஷம் பழைய ஃபேன் சுற்றும் வீட்டுக்குத்தான் என் கணக்கு முழுதாகப் பொருந்தும்.

அடுத்தது, தலைப்பில் உள்ள கேள்வி. ஏசி போட்டால் ஃபேனை நிறுத்து, மேலே நிற்கிற சூட்டைக் கீழே தள்ளும் என்று பல வீடுகளில் சட்டமே உண்டு. ஆனால் ஏசியின் உள்பெட்டி இருப்பதே சுவரின் உச்சியில்தான். மேலே நிற்கும் காற்றை உறிஞ்சித்தான் அது குளிர்விக்கிறது. அறையின் சூட்டை எப்படியும் அது வெளியேற்றியாக வேண்டும். வெப்பத்தை அளக்கும் உணரி பொதுவாக அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், ஃபேன் சுற்றாத அறையில் அது கட்டிலின் நிலவரத்தை விட்டுவிட்டு உத்தரத்தின் நிலவரத்தைப் படிக்கிறது. ஃபேன் காற்றைக் கலக்கிவிட்டால் ரிமோட்டில் தெரியும் எண்ணும் படுத்திருப்பவருக்குத் தெரியும் குளிரும் ஒன்றையொன்று நெருங்கும். மேல்மாடிக்காரர்கள் சொல்வதில் மட்டும் உண்மை இருக்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் சூட்டைக் கக்கும்போது, ஃபேன் அதை இன்னும் வேகமாக அறைக்குள் இறக்கும். அங்கே முதல் செலவு மொட்டை மாடிக்குத்தான்: தட்டோடு, வெள்ளை டைல்ஸ், அதுவும் முடியாவிட்டால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. ஃபேன் அப்புறம்.

27-இல் பிசுபிசுக்கும் என்பதும் கேட்கத் தகுந்த குறைதான். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக ஓடும்போது அதன் குளிர்ச் சுருள் அவ்வளவு சில்லென்று இருக்காது. ஈரம் இறங்குவது குறையும். ஐப்பசி, கார்த்திகையில் இது நன்றாகவே தெரியும். டிரை மோடில் கொஞ்ச நேரம் ஓட்டுவது ஒரு வழி. ஃபேன் செய்வது வேறு வேலை: ஈரத்தை அது குறைக்காது, தோலின் மேலுள்ள வியர்வையை விரைவாக உலர்த்தும், இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி உடம்புக்குத் தோன்றும். ஆளில்லாத அறையில் அது சுற்றினால் வெறும் தண்டம்.

இனி கருவி. பி.எல்.டி.சி. ஃபேனின் மோட்டாருக்குள் நிலைக்காந்தமும் அதைச் சுற்ற வைக்கும் சர்க்யூட் போர்டும் இருக்கின்றன. பழைய ஃபேனின் கெபாசிட்டர் இதில் கிடையாது. ஆட்டம்பெர்க் நிறுவனம் 28 வாட் என்ற எண்ணைச் சொல்லியே இந்த வகையைப் பிரபலமாக்கியது. இன்று பெரிய கம்பெனிகள் எல்லாமே செய்கின்றன. நடைமுறையில் பிடித்துப்போவது வாட் கணக்கைவிட லோ வோல்டேஜில் அது நடந்துகொள்ளும் விதம். மே மாத இரவு, தெருவே ஏசி போட்டிருக்கும் நேரத்தில், சாதாரண ஃபேன் தளர்ந்து சுற்றும். இது வேகம் குறையாது. கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறும்போது சாதாரண ஃபேன் எழுப்பும் அந்த உறுமலும் இல்லை, பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். டைமர் உபயோகமானது: விடியற்காலை ஏசி நின்றபின் ஃபேன் மட்டும் தொடரும்படி வைக்கலாம்.

எரிச்சல்களும் உண்டு. சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால், யாராவது திருகும்போது ஃபேன் விட்டுவிட்டுச் சுற்றும். ஹாலில் ஒரே கம்பெனியின் இரண்டு ஃபேன் மாட்டினால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் தலையாட்டும். அந்த ரிமோட்டோ மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சிறியது. வயதானவர்கள் உள்ள வீட்டில் சுவர்க் குமிழோடு வரும் மாடலை வாங்குவது உத்தமம். இடி மின்னலில் போர்டு போனால் தெருமுனை ரிப்பேர் கடையில் வேலை நடக்காது, கம்பெனி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். எனவே வாரண்டி ஆண்டுகளைப் பார்த்து வாங்குங்கள். அதற்காக ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

நட்சத்திரத்தை மட்டும் நம்பினால் ஏமாற இடமுண்டு. ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்ற விகிதத்துக்குத்தான் அது மதிப்பெண். காற்றே குறைவாக வீசி, மின்சாரத்தை அதைவிடக் குறைவாக எடுத்தாலும் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிடலாம். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சி.எம்.எம். என்று ஓர் எண் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பது அது. 1,200 மி.மீ. ஃபேனில் அது 220-க்குக் குறைந்தால் 27 டிகிரி திட்டம் இரண்டே நாளில் கைவிடப்படும், ஏசி மறுபடி 24-க்கு இறங்கும்.

மிச்சமாகும் யூனிட்டின் விலையையும் சராசரியில் பார்க்கக் கூடாது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த கட்டண அமைப்பில், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிய உடனே அடுத்த யூனிட் 6 ரூபாயிலிருந்து 8 ரூபாய்க்குத் தாவியது. 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை விலையும் பறிபோய் 4.50 ஆனது. அதன் பின் விகிதம் ஏறவே செய்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் ஏசி வீடுகள் 520, 540 என்று அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே தள்ளாடும்போது, ஒரு படுக்கையறையில் மிச்சமாகும் நாற்பது ஐம்பது யூனிட் பில்லைக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும். வீட்டிலுள்ள எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற அவசியமில்லை. ஏசி இருக்கும் அறையில் தொடங்கி, நாள் முழுதும் சுற்றும் ஹால் ஃபேனை அடுத்து மாற்றலாம். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறையின் ஃபேன் பழுதாகும் வரை இருக்கட்டும்.