162.5 சென்டிமீட்டர்

அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962-இல் தொடங்கியது. மாணவிகள் உள்ளே வர 2021 ஆயிற்று. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் பெண்கள் சேர்ந்தார்கள். உடுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே படித்துத் தேறி, சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானம் ஓட்டுவதற்கு இன்று சட்டப்படி தடை எதுவுமில்லை. உடம்பளவுப்படி உண்டு. விமானி ஆக வேண்டுமென்றால் குறைந்தது 162.5 செ.மீ. உயரம் வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ சுமார் 152.

இதைப் பாரபட்சம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது, ஆனால் சோம்பேறித்தனம். விதியில் உயரத்தோடு வேறு மூன்று அளவுகளும் இருக்கின்றன: உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை, கால் நீளம் 99 முதல் 120 வரை, தொடை நீளம் 64-க்கு மிகாமல். இவற்றுக்குக் காரணம் காக்பிட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆபத்தில் விமானியோடு இருக்கை வெளியே பாயும்போது, நீண்ட தொடையின் முழங்கால் முன்பலகையில் மோதி நொறுங்கலாம். கால் குட்டையானால் ரட்டர் பெடலை முழுக்க மிதிக்க முடியாது. உட்கார்ந்த உயரம் குறைந்தால் விமானத்தின் மூக்குக்கு முன்னால் ஓடுதளம் தெரியாது. கூடினால் தலை கண்ணாடி மூடியில் இடிக்கும். இந்த மூன்றிலும் சலுகை கேட்பவர் விமானியின் உயிரை வைத்துப் பேரம் பேசுகிறார்.

சரி, 162.5 எதைக் காக்கிறது? விமானி நின்றுகொண்டு ஓட்டுவதில்லை. தேஜஸ் 8 ஜி வரை, அதாவது புவியீர்ப்பின் எட்டு மடங்கு விசை வரை, திரும்பக்கூடிய விமானம். இதயத்திலிருந்து கண் வரை சுமார் 30 செ.மீ.; இந்தத் தூரத்துக்கு ஒவ்வொரு ஜிக்கும் மூளைக்குப் போகும் ரத்த அழுத்தம் ஏறக்குறைய 22 மி.மீ. பாதரச அளவு குறைகிறது. தூரம் குறைந்தால் இழப்பும் குறையும். மயக்கம் தட்டாமல் தாக்குப்பிடிப்பதில் குள்ளமானவருக்கே சற்றுச் சாதகம்.

அமெரிக்க விமானப்படையும் 64 அங்குலம் என்று விதி வைத்திருந்தது. கணக்குப் போட்டால் 162.56 செ.மீ., நம் எண்ணேதான். 20 முதல் 29 வயது வரையான அமெரிக்கப் பெண்களில் சுமார் 44 சதவீதத்தினரை அது தடுக்கிறது என்று கண்டு, 2020 மே மாதம் எடுத்துவிட்டார்கள். அளப்பதை விடவில்லை, எந்த விமானத்துக்கு எவர் பொருந்துவார் என்று தனித்தனியாக அளக்கிறார்கள். திருப்பூர் பனியனுக்கே நாலைந்து சைஸ் இருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று கனமானது. 2015-இல் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தில் 62 கிலோவுக்குக் குறைந்த விமானிகளைப் பறக்க விடாமல் நிறுத்தினார்கள். இருக்கை பாயும்போது கழுத்து முறியும் அபாயம் தெரியவந்ததே காரணம். தேஜஸின் இருக்கையும் எஃப்-35-இல் உள்ள அதே மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் 16 வரிசைதான். ஆக, சிறிய உடம்புக்கு மெய்யான ஆபத்து உண்டு. ஆனால் அங்கே குற்றவாளி எடை, உயரமல்ல. ஹெல்மெட்டை இலேசாக்கி, இருக்கையில் தலைத்தாங்கி சேர்த்து, லேசான விமானிக்குப் பாராசூட் சற்றுத் தாமதித்து விரிய வழி செய்ததும் 2017-இல் தடையை நீக்கினார்கள். திருத்தியது இயந்திரத்தை.

எந்த விமானியையும் எந்த விமானத்துக்கும் அனுப்ப வேண்டியிருக்கும் என்பது இன்னொரு சமாதானம். நடப்பு அப்படியில்லை. பயிற்சியின் முதற்கட்டம் முடிந்ததுமே போர், போக்குவரத்து, ஹெலிகாப்டர் என்று பிரித்துவிடுகிறார்கள். முதுகெலும்பில் அடிபட்ட போர் விமானியை மருத்துவ வாரியம் வேறு வகை விமானத்துக்கு மாற்றுவதும் உண்டு. உள்ளே வந்தவருக்கு ஆளைப் பார்த்து விதி. வாசலில் நிற்பவருக்கு மட்டும் ஒரே எண்.

என் தீர்ப்பு: மூன்று அளவுகளும் நிற்கட்டும், 162.5 போகட்டும், அந்த இடத்தில் தோள்பட்டியை இறுக்கிய நிலையில் கை எட்டும் தூரம் வரட்டும். ஆனால் இதனால் மட்டும் கூட்டம் உள்ளே வந்துவிடாது. கால் நீளம் 99 உள்ளவர் பெரும்பாலும் 160-ஐத் தொட்டவராகவே இருப்பார். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் உயர விதி வீண். முரண்படும் இடத்தில் அநியாயம். உண்மையான பூட்டு அந்த 99-இல் இருக்கிறது. பிலாட்டஸ், ஹாக் பயிற்சி விமானங்கள், தேஜஸ் ஒவ்வொன்றிலும் பெடலை எவ்வளவு பின்னுக்கு இழுக்கலாம் என்று பார்த்து அந்த எண்ணை மறுபடி கணக்கிட வேண்டும்; அது சலுகையல்ல, அளவைச் சரிபார்ப்பது. பெங்களூருவில் 1957 முதல் விமானப்படையின் வான் மருத்துவ நிறுவனம் இயங்குகிறது; இந்த வேலை அவர்களுடையது.