விதியும் நான்காவது கயிறும்

1963 மார்ச் 21ஆம் நாளிரவு, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், 126 இறாத்தல் எல்லையுடைய இறகு எடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்காக டேவி மூரும் சுகர் ராமோஸும் பொருதினர். பத்தாம் சுற்றில் வீழ்ந்த மூரின் பின்கழுத்து மேடையின் கீழ்க்கயிற்றில் மோதியது. பட்டத்தைப் பறிகொடுத்த அவர், மறுபோட்டி வேண்டுமென நிருபர்களிடம் கூறிய சிறிது நேரத்தில் நினைவிழந்தார்; நான்கு நாட்களில் மாண்டார்.

சில வாரங்களுள் அம்மரணத்தைப் பாடலாக்கினார் பொப் டிலன். நடுவர், பார்வையாளர், முகாமையாளர், பந்தயக்காரர், பத்திரிகையாளர், எதிர்த்து நின்ற வீரர் ஆகியோரை அவர் கூண்டிலேற்றி, மூரைக் கொன்றவர் யாரென வினவுகிறார். ஒவ்வொருவரும் கைகழுவிக்கொள்கின்றனர். தீர்ப்போ கேட்போரிடம் விடப்படுகிறது. ஆரவாரித்துக் களித்த கூட்டத்தையும் விசாரணைக்கு இழுத்த துணிவே இப்பாடலின் உயிர்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. இறுதியாகப் பேசும் வீரர், நடந்தது விதி என்றும் இறைவன் சித்தம் என்றும் கூறுகிறார். தொழில்முறைக் குத்துச்சண்டையை ஒழித்துவிட்ட கியூபாவிலிருந்து வந்தவர் அவர். இவ்வுண்மையைப் பாடல் போகிற போக்கில் தொட்டுச் செல்கிறது. விடையோ அங்கேதான் இருந்தது. மனிதர் சட்டமியற்றி ஒழிக்கக்கூடிய ஒன்று எங்ஙனம் விதியாகும்?

மூரின் மரணத்துக்குப் பின் குத்துச்சண்டை மேடைக்கு நான்காவது கயிறு வந்தது. வறியவன் உடலை விலைபேசும் வாணிபம் மட்டும் மாறவில்லை. ஆறு தரப்பினரை விசாரித்த டிலன், அவர்களை அம்மேடையைச் சுற்றி ஒன்றுசேர்த்த அவ்வாணிபத்தை ஏழாவது எதிரியாக அழைத்திருக்க வேண்டும்.